ரெண்டு வெள்ளி தொண்ணூறு

மூன்றாம் எண் கல்லாவில் உட்கார்ந்து
நாளைக்குப் பதினைந்து இருபது தடவை
என் மகளைச்
சிவப்பு வெளிச்சத்தில் காட்டி எடுக்கிறேன்.
பீப்.
ரெண்டு வெள்ளி தொண்ணூறு காசு.

செந்தூலில் இந்தப் பேரங்காடிக்கு வருகிற
ஒருவருக்கும் தெரியாது.
பச்சைப் பாக்கெட்டில்
முன்பல் விழுந்த வாயைத் திறந்து
சிவப்பரிசி வளையத்தை மோதிரமாய் மாட்டிக்கொண்டு
சிரிக்கிறவள் தேஷ்வினி.
அப்போது ஏழு வயது.

எண்ணெயில் பொரிக்காதது.
செயற்கை நிறம் இல்லை.
முருங்கைக்கீரை, பச்சைப்பயறு.
மூன்று மொழியில் அச்சடித்திருக்கிறார்கள்.
தமிழுக்கு இடமில்லையாம்.
அதுதான் பிள்ளை முகம் இருக்கிறதே, போதாதா
என்றார் விளம்பரக்காரர்.

பங்சாரில் ஒரு மாடி அறை.
கடித்தாள், துப்பினாள்.
கடித்தாள், துப்பினாள்.
நீல வாளியோடு நான் பக்கத்தில் நின்றேன்.
"மரத்தூளும்மா."
விளக்குப் பிடித்த பையன்
கக்கத்தில் கையை வைத்து ஒரு சத்தம் எழுப்பினான் பாருங்கள்,
அதற்குச் சிரித்த சிரிப்புதான்
இந்த அலமாரி முழுக்க.

முந்நூறு வெள்ளி கொடுத்தார்கள்,
இரண்டு பெட்டி வளையமும்.
வெள்ளி, பள்ளி வேனுக்குப் போனது.
வளையம், மொட்டைமாடிப் புறாவுக்கு.

"இந்த அக்காவப் பாரு, எப்படிச் சமத்தாச் சாப்பிடுது."
நேற்று வரிசையில் ஒரு தாய்
மகன் கையில் திணித்தாள்.
அவன் பாக்கெட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
மறுபடி பாக்கெட்டை.
எங்கள் இருவருக்கும் ஒரே மூக்கு.
அவ துப்பிட்டாடா தம்பி என்று
நாக்கு நுனிவரை வந்ததை
பீப் என்று முடித்துவிட்டேன்.
அந்தத் தாயைச் சொல்லியும் குற்றமில்லை.
பின்பக்கத்துப் பொடி எழுத்தைக்
கண்ணோடு ஒட்டிவைத்து
சர்க்கரை எத்தனை கிராம் என்று படித்த பிறகுதான் எடுத்தாள்.
பையனுக்குக் கடைவாயில் இரண்டு வெள்ளிப் பல்.

தேஷ்வினிக்கு இப்போது பதின்மூன்று, பல்லில் கம்பி.
தோழிகளோடு வந்தால்
ஐந்தாம் எண் கல்லாவில்தான் நிற்பாள்.
விரலெல்லாம் சிவக்கிற காரச் சோளம்,
இறால் அப்பளம், ஐஸ் லெமன் டீ.
பச்சைப் பாக்கெட் தொங்கும் வரிசையை
கடன் கொடுத்தவர் வீட்டைத் தாண்டுகிற மாதிரி
தலையைத் திருப்பிக்கொண்டு தாண்டுவாள்.

தேதி நெருங்கியதற்கெல்லாம்
மஞ்சள் வில்லை ஒட்டுகிறார் மேலாளர் சியூ.
பாதி விலை. சரியாய் அவள் கன்னத்தில்.
ஆள் இல்லாத நேரத்தில் நகத்தால் நெம்பி
ஓரமாய் மாற்றி ஒட்டுகிறேன்.
"எங்கே ஒட்டினால் என்ன, கோடு மறையாமல் இருந்தால் சரி"
என்றார் அவர்.
ஆமாம் என்றேன்.

புதுச் சரக்கு வந்திருக்கிறது.
அதில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு கரடி.
கரடிக்குப் பல் விழாது,
வேன் காசும் கட்ட வேண்டியதில்லை.

கடைசிப் பாக்கெட்டை நானே வாங்கினேன்.
என் கல்லாவில் நானே அடிக்கக் கூடாது,
ஐந்தாம் எண்ணுக்குப் போனேன்.
ஒரு வெள்ளி நாற்பத்தைந்து.

அடுக்குமாடியில் மின்தூக்கி பழுது.
நாலாம் மாடிப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்தேன்.
இங்கே கிழிக்கவும் என்ற அம்புக்குறி
நேரே அவள் உச்சி வகிட்டில்.
தலைகீழாய்த் திருப்பி
அடிப்பக்கத்தைப் பல்லால் கிழித்தேன்.
அப்படியொன்றும் மரத்தூள் இல்லை.
கொஞ்சம் உப்பு போட்டிருக்கலாம்.

வீட்டில் அவள் கைப்பேசியில் இருந்தாள்.
நீட்டினேன்.
நிமிராமல் ஒன்றை எடுத்து வாயில் போட்டாள்.
மென்றாள்.
எனக்கே தெரியாமல் என் உள்ளங்கை
குழிந்து அவள் மோவாய்க்குக் கீழே போய் நின்றது.

விழுங்கிவிட்டாள்.
"என்னாச்சும்மா, கையை எடு" என்றாள்.